புது கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாள்... கிழித்தால் ஜெயில்! ‘மன்ரோனி ஸ்டிக்கர்’ என்றால் என்ன?

அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் புது காரைப் பார்த்தால், கண்ணாடியில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கும். விளம்பரம்னு நினைச்சா தப்பு. சட்டப்படி கட்டாயம் ஒட்ட வேண்டிய தகவல் தாள் அது. பெயர், ‘மன்ரோனி ஸ்டிக்கர்’.

ஏன் வந்தது?

1950-களில் அங்கே டீலர் சொல்றதுதான் விலை. முதலில் விலையை ஏத்திச் சொல்வார்கள். பிறகு, பழைய காரை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, தாராளமாகக் குறைத்தது போல் காட்டுவார்கள். உண்மையான விலை என்ன என்பது வாங்குபவருக்குத் தெரியாது. இதைத் தடுக்க ஒக்லஹோமா மாகாண செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டம் 1958-ல் நிறைவேறியது. அவர் பெயரே தாளுக்கும் நிலைத்துவிட்டது.

என்னென்ன இருக்கும்?

* தயாரிப்பு நிறுவனம் பரிந்துரைக்கும் விலை
* கூடுதல் வசதிகளின் விலை, டீலரிடம் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம், மொத்தத் தொகை
* கார் கடைசியாக அசெம்பிள் செய்யப்பட்ட இடம்
* மைலேஜ், ஓராண்டு எரிபொருள் செலவு. ஆண்டுக்கு 15,000 மைல் ஓடும் என்ற கணக்கில் போடப்படுகிறது
* விபத்துச் சோதனையில் 5-க்கு எத்தனை நட்சத்திரம் என்ற விவரம். 2007 செப்டம்பரில் இருந்து இதுவும் கட்டாயம். சோதிக்கப்படாத கார் என்றால், மதிப்பீடு இல்லை என்று இருக்கும். அதற்காக அது மோசமான கார் என்று அர்த்தமில்லை

கிழித்தால் என்ன ஆகும்?

கார் வாங்கியவர் கைக்குப் போகும் முன்பு, வேண்டுமென்றே தாளை அகற்றினாலோ திருத்தினாலோ, ஒரு காருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும் கிடைக்கலாம். வாங்கியவர் தாராளமாக எடுத்துவிடலாம்.

எங்கே உஷாரா இருக்கணும்?

தாளில் இருப்பது பரிந்துரை விலை மட்டுமே. டீலர் அதைவிடக் குறைத்தும் விற்கலாம், கூட்டியும் விற்கலாம். வரி, பதிவுக் கட்டணம் இதில் சேராது. நம்மூர் எக்ஸ்-ஷோரூம் விலை மாதிரிதான்.

இன்னொரு விஷயம்: சில டீலர்கள் பக்கத்திலேயே இதே போன்ற வடிவத்தில் இரண்டாவது தாள் ஒன்றை ஒட்டுவார்கள். பெயின்ட் பாதுகாப்பு, கண்ணாடிக்கு சன் ஃபிலிம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை இருக்கும். சிலதில், டிமாண்ட் அதிகம் என்பதற்காகவே ஒரு தொகை ஏறியிருக்கும். இது சட்டம் கேட்கும் தாள் அல்ல, டீலர் சேர்த்த கணக்கு. அதனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தாளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பேரம் பேசலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம்.