முடிவுக்கு முன்னரே கேளுங்கள்

ஒரே வகைப் பாதிப்புக்குள்ளான எட்டுப் பத்துப் பேரை அமர்த்தி, நெறியாளர் ஒருவர் அவர்தம் கருத்தை ஆழமாகக் கேட்டறிவதே குழுக் கலந்துரையாடல். பொதுக்கூட்டத்தில் வாய்திறக்கத் தயங்குவோரும் இதில் பேசுவர்.

2016 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி, பொதுக்கூட்டங்களுடன் இம்முறையையும் கையாண்டு 7,306 கருத்துரைகளைத் திரட்டியது. அறிக்கை 2017 ஜனவரி 3 இல் கையளிக்கப்பட்டது. ஆயின் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் 2016 ஆகஸ்டிலேயே நிறைவேறிவிட்டது.

2002 போர்நிறுத்த உடன்படிக்கையிலும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஒரு தரப்பாக இடம்பெறவில்லை.

ஸ்கந்தபுரத்துத் தாயிடமும் புத்தளத்தில் வாழும் வடபுல முஸ்லிமிடமும் முடிவுக்கு முன்னரே கேட்கவேண்டும் என்கிறோம். முடிவெடுத்தபின் கேட்பது வெறும் சடங்கே.