நூற்று முப்பது டாலர் செக்கும் கெட்டுப்போன சூப்பர் ஹீரோக்களும்

1938 மார்ச் 1ஆம் தேதியிட்ட ஒரு செக். தொகை 412 டாலர். வாங்க வேண்டியவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று இரண்டு பேர். ஆளுக்கு 23 வயது. செக் எழுதிய புண்ணியவான் இரண்டு பேர் பெயரையும் எழுத்துப்பிழையோடு எழுதிவிட்டார். அதனால் செக்கின் பின்பக்கம் இருவருமே இரண்டிரண்டு கையெழுத்து போட்டிருக்கிறார்கள். ஒன்று செக்கில் இருக்கிறபடி தப்பாக, இன்னொன்று சொந்தப் பெயரைச் சரியாக.

பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. இந்தூருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து நம்மவர்கள் பெயரை இந்த ஊர்க்காரர்கள் படுத்தும் பாட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முருகேசனும் சுப்பிரமணியனும் இப்படி இரண்டு கையெழுத்து போட்டுத்தான் பணம் வாங்க வேண்டியிருக்கிறது.

அந்த 412இல் 282 டாலர் ஏற்கெனவே வரைந்து கொடுத்த மற்ற படக்கதைகளுக்கான கூலி. மிச்சம் 130 டாலர் ஒரு புதுக் கதாபாத்திரத்துக்கு. அந்த 130ஐ வாங்கிக்கொண்டு, அந்தப் பாத்திரத்தின் மேல் உள்ள எல்லா உரிமையையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். பாத்திரத்தின் பெயர் சூப்பர்மேன்.

'தி பாய்ஸ்' தொடரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் செக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறானே என்று நினைக்காதீர்கள். பி.காம். படித்தவன் கையில் சூப்பர் ஹீரோவைக் கொடுத்தால் இப்படித்தான். பறப்பவனை விட்டுவிட்டு, அவன் யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறான் என்று பார்க்கப் போய்விடுவோம். ஆனால் அந்தத் தொடரும் அதைத்தான் கேட்கிறது என்பது என் கட்சி.

டிஸ்கி: இது சின்னப் பசங்க தொடர் இல்லை. உடையைப் பார்த்துவிட்டு, சக்திமான் மாதிரி ஏதோ என்று குடும்பத்தோடு போட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் பத்து நிமிஷத்திலேயே தங்கமணி எழுந்து போய்விட்டார். ரத்தம், வசவு, இன்ன பிற எல்லாம் தாராளமாக உண்டு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2019 ஜூலையில் அமேசான் ப்ரைமில் தொடங்கியது. எரிக் கிரிப்கி என்பவர் உருவாக்கியது. சூப்பர் ஹீரோக்கள் நிஜமாகவே இருக்கும் ஓர் அமெரிக்கா. அவர்களை வைத்து வியாபாரம் செய்வது வாட் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி (நம் பழைய வாட் வரி இல்லை). நட்சத்திர நாயகன் ஹோம்லேண்டர், தேசியக்கொடியை முதுகில் போர்த்திக்கொண்டு சிரிக்கிற ராட்சசன். மின்னல் வேகத்தில் ஓடும் ஏ-ட்ரெய்ன் என்ற ஹீரோ, தெருவோரம் காதலனோடு நின்ற ஒரு பெண்ணின் மேல் மோதி அவளைச் சிதறடிக்கிறான். காதலன் ஹ்யூயி கையில் அவளுடைய கை மட்டும் மிச்சம். கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். 45,000 டாலர், வெளியே வாய் திறக்கமாட்டேன் என்று ஒரு கையெழுத்து. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நம் அலுவலகங்களில் எழுதி வாங்குவோமே, அதேதான். அந்தக் காட்சியில் எனக்கு வயிற்றைக் கலக்கியது ரத்தம் இல்லை, அந்தக் காகிதம்தான்.

பிறகு வருவது காம்பவுண்ட் வி. இந்த ஹீரோக்கள் யாரும் கடவுள் அனுப்பியவர்கள் இல்லை. கைக்குழந்தையாக இருக்கும்போதே கம்பெனி ஊசி போட்டு உருவாக்கியவர்கள். ஸ்டார்லைட் என்ற நல்ல பெண், தன் அம்மாவே அதற்குச் சம்மதம் கொடுத்தாள் என்று பிற்பாடுதான் தெரிந்துகொள்கிறாள். (கோட்டாவுக்குப் பிள்ளையை ரயிலேற்றிவிட்ட பெற்றோர் யாராவது இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் அந்த இடத்தில் சுருக்கென்றது.)

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

'நல்ல ஹீரோக்கள்தான் முதலில் இருந்தார்கள், காலம் கெட்டுப்போய் இப்படிக் கெட்ட ஹீரோ வந்துவிட்டான்' என்று பலர் நினைக்கிறார்கள். கதை தலைகீழ். அதே சீகலும் ஷஸ்டரும் 1933 ஜனவரியில், கிளீவ்லாந்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருந்தபோது, தாங்களே அச்சடித்த சின்னப் பத்திரிகையில் ஒரு கதை வெளியிட்டார்கள். பெரும் பொருளாதார மந்தம் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஓர் ஏழையை ஒரு விஞ்ஞானி கூட்டிக்கொண்டு போய், விண்கல்லிலிருந்து எடுத்த ரசாயனத்தை அவனுக்குக் கொடுக்கிறார். அவனுக்குப் பிறர் மனதைப் படிக்கும் சக்தி வருகிறது. உடனே உலகத்தையே ஆளப் பார்க்கிறான். கடைசியில் சக்தி வடிந்துபோய் மறுபடி அதே ரொட்டி வரிசை. கதையின் தலைப்பிலேயே 'சூப்பர்மேன்' என்ற சொல் இருக்கிறது. ஊசிக்குப் பதில் வேறு ரசாயனம், அவ்வளவுதான். காம்பவுண்ட் வி வருவதற்கு 86 வருஷம் முன்பே கெட்டுப்போன சூப்பர்மேன் பிறந்துவிட்டான்.

அந்த வில்லனை ஓரம்கட்டிவிட்டு நல்லவனாக ஒருவனை உருவாக்கினார்கள். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், விலை 10 சென்ட். அந்த முதல் சூப்பர்மேன் யாரோடு சண்டை போட்டான் தெரியுமா? வேற்றுக்கிரக வாசிகளோடு இல்லை. மனைவியை அடிக்கும் கணவன், செனட்டரை விலைக்கு வாங்கும் தரகர். இரண்டாவது இதழில், போர் மூட்டிக் காசு பார்க்கும் ஆயுத வியாபாரியைப் பட்டாளத்தில் சேரவைத்துப் போர்முனையில் நிறுத்துகிறான். மூன்றாவதில், பாதுகாப்புக்குச் செலவு செய்யாத சுரங்க முதலாளியை அவர் சுரங்கத்துக்குள்ளேயே மாட்டவைக்கிறான். சட்டத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாத ஆசாமி. முதலாளிகளுக்குப் பிடிக்காத ஹீரோ, ஒரு முதலாளியின் சொத்தாக.

இந்த முரண்பாடு அதிக நாள் தாங்கவில்லை. விற்பனை ஏற ஏற அவன் சாதுவானான். உலகப்போர் வந்ததும் எல்லா ஹீரோக்களும் கொடி பிடித்தார்கள். 1941 மார்ச் தேதியிட்ட கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையில், அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே ஹிட்லருக்குக் குத்து விழுந்துவிட்டது. அது துணிச்சலான காரியம்தான், மறுக்கவில்லை. தி பாய்ஸ் மூன்றாம் பருவத்தில் (2022) வரும் சோல்ஜர் பாய் அந்தக் கொடிக்கார ஹீரோவைத்தான் கிண்டல் செய்கிறான்.

வாட் கம்பெனியை நிறுவியவர், நாஜிகளிடமிருந்து அமெரிக்கா பக்கம் வந்த ஒரு விஞ்ஞானி என்று தொடரில் வருகிறது. அதிகப்படியான கற்பனை என்று தோன்றலாம். நிஜத்தில், போர் முடிந்ததும் 'ஆபரேஷன் பேப்பர்கிளிப்' என்ற திட்டத்தில் 1,600க்கும் மேற்பட்ட ஜெர்மன் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் அமெரிக்கா கூட்டிக்கொண்டு வந்தது. லண்டன் மேல் விழுந்த வி-2 ராக்கெட்டைச் செய்த வெர்னர் வான் பிரவுன் அவர்களில் ஒருவர். 1969இல் நிலவுக்குப் போன சாட்டர்ன் ராக்கெட்டும் அவர் தலைமையில் உருவானதுதான். பழைய கணக்கை மூடிப் புதுக் கணக்கைத் திறப்பதில் அரசாங்கங்கள் கில்லாடிகள்.

1954தான் முக்கியமான திருப்பம். ஃபிரெடெரிக் வெர்த்தம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புத்தகம் எழுதினார். செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு விதித் தொகுப்பைப் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு விதி: போலீஸ், நீதிபதி, அரசாங்க அதிகாரி யாரையும் மரியாதை குறையும்படி காட்டக்கூடாது. எல்லாக் கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும். அட்டையில் அந்த முத்திரை இல்லாத புத்தகத்தைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். செனட்டரை விலைக்கு வாங்கிய தரகரை விரட்டிய அந்த முதல் சூப்பர்மேனுக்கே இந்த முத்திரை கிடைத்திருக்குமா, சந்தேகம்தான். 1971இல் விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. முத்திரை முழுவதுமாக ஒழிய 2011 ஆயிற்று.

நம் பக்கம் நிலைமை வேறு. 1972இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி அமெரிக்கச் சரக்கு இல்லை, பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையில் வந்தவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். அண்ணன்மார் பரணில் போட்டுவைத்ததை எடுத்துப் படித்த தலைமுறை நான். அந்த மாயாவி ஆங்கிலத்தில் 1962இல் அறிமுகமானபோது ஹீரோ இல்லை, சக்தி வந்ததும் குற்றத்தில் இறங்கிய ஆள். உளவாளியாகித் திருந்தியது பிறகுதான். ஆக நம் வயதுக்காரர்களுக்குக் கெட்டுப்போன ஹீரோ ஒன்றும் அந்நியமில்லை.

அமெரிக்காவில் உறையை உடைத்தது 1986இல் வந்த 'வாட்ச்மென்'. ஆலன் மூர் எழுத்து, டேவ் கிப்பன்ஸ் ஓவியம், 12 இதழ். சூப்பர் ஹீரோ என்றாலே சந்தேகப்பட வேண்டிய ஆள் என்று சொன்ன கதை. ஆனால் என் கண் ஒப்பந்தத்தின் மேல்தான். புத்தகம் அச்சில் இல்லாமல் போய்க் குறிப்பிட்ட காலம் ஆனால் உரிமை படைத்தவர்களுக்கே திரும்பும் என்று ஒரு ஷரத்து. அந்தக் காலத்தில் காமிக்ஸ் தொகுப்புகள் வருஷக்கணக்கில் அச்சில் நிற்கும் வழக்கம் இல்லை. சீக்கிரம் திரும்பிவிடும் என்று நம்பிக் கையெழுத்து போட்டார்கள். புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது. கம்பெனி அதை அச்சிலிருந்து எடுக்கவேயில்லை. ஷரத்தில் ஓட்டை என்று ஒன்றும் கிடையாது, எழுதியது எழுதியபடியே நிறைவேறியது. கோபித்துக்கொண்ட மூர், 2009இல் வந்த படத்தில் தன் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதோடு ஒப்பிட்டால்தான் தி பாய்ஸ் எப்படித் தப்பித்தது என்பது புரியும். கார்த் எனிஸ் எழுத்து, டாரிக் ராபர்ட்சன் ஓவியம். 2006இல் முதலில் வெளியிட்டது வைல்ட்ஸ்டார்ம், அதாவது சூப்பர்மேனை வைத்திருக்கும் அதே டிசி குழுமத்தின் ஒரு பிரிவு. ஆறே இதழில், 2007 ஜனவரியில், நிறுத்திவிட்டார்கள். சூப்பர்மேன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சூப்பர்மேனைத் திட்டினால் எத்தனை நாள் சோறு போடுவார்கள்? ஆனால் இந்த முறை உரிமை படைப்பாளிகளிடமே திரும்பி வந்தது. டைனமைட் என்ற சின்னப் பதிப்பகத்துக்குப் போனார்கள். 2012 வரை 72 இதழ் வந்தது. டிசி உரிமையைப் பிடித்து வைத்திருந்தால் அந்தத் தொடர் ஆறோடு முடிந்திருக்கும், 2019இல் நாம் பார்த்ததும் இருந்திருக்காது.

தொலைக்காட்சிக்கு வந்தபோது அதற்குப் பணம் போட்டது அமேசான். ஒரு கம்பெனி எல்லாவற்றையும் விழுங்கும் கதையை, உலகத்தின் மிகப்பெரிய கம்பெனிகளில் ஒன்று காட்டி, அதற்கு நம்மிடம் வருஷ சந்தா வாங்குகிறது. இது ஏமாற்று வேலை என்கிறான் என் மகன். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் பருவத்தில் விமானக் காட்சி ஒன்று. கடத்தல்காரனைக் கொல்லப்போய் ஹோம்லேண்டர் விமானத்தின் கருவிகளையே எரித்துவிடுகிறான். காப்பாற்ற முடியாது என்றதும் பயணிகள் அத்தனை பேரையும் சாகவிட்டுப் பறந்துவிடுகிறான். பிறகு சிதைவுகளுக்கு நடுவே நின்று, எங்களை முன்பே ராணுவத்தில் சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது என்று பேட்டி கொடுக்கிறான். செனட்டரை வாங்கும் தரகர் இப்போது மேலங்கி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். 1938இல் அவரைத் துரத்தியவனின் உடை அது. யார் பணத்தில் எடுத்தாலும் அந்தக் காட்சி காட்சிதான்.

சீகலும் ஷஸ்டரும் என்ன ஆனார்கள் என்று சொல்லவில்லையே. 1947இல் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருஷம் சுமார் 94,000 டாலருக்குச் சமரசமாகி, வேலையும் போய், படைத்தவர்கள் என்ற பெயரும் போயிற்று. 1975இல் சூப்பர்மேன் படம் எடுக்கப் பெரும் பணம் புரள்கிறது என்று செய்தி வந்தபோது சீகல் குமாஸ்தா வேலையில் இருந்தார், ஷஸ்டருக்குக் கண் பார்வை ஏறக்குறைய போயிருந்தது. சீகல் பத்திரிகைகளுக்கு எழுதிப் புலம்பினார், சக ஓவியர்கள் கூடிக் குரல் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலரும், படைத்தவர்கள் என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன. ஷஸ்டர் 1992இல் போனார், சீகல் 1996இல்.

அந்த செக் 2012இல் ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்குப் போனது. அமெரிக்கச் சட்டப்படி அந்த முதல் இதழின் காப்புரிமை 95 வருஷம். 2034 ஜனவரி 1ஆம் தேதி, தரகரைத் துரத்திய அந்தப் பழைய சூப்பர்மேன் பொதுச்சொத்தாகிறான். வர்த்தக முத்திரை மட்டும் கம்பெனியிடமே இருக்கும்.