தடைகள் வளர்த்த திருவிழா: மிசிசிப்பியின் தோப்பும் மாட்டு மணியும்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கே ஆக்ஸ்ஃபர்டு என்று ஒரு சிறு நகரம். அங்குள்ள மிசிசிப்பி பல்கலைக்கழக வளாகத்தின் நடுவில் ஏறத்தாழ பத்து ஏக்கர் பரப்பில் ஓக் மரங்களும் மக்னோலியாக்களும் நிழல் பரப்பும் திடல் ஒன்று உண்டு. அதன் பெயரே 'தி குரோவ்', அதாவது தோப்பு. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் இந்தத் தோப்பில் சிவப்பும் நீலமுமாகக் கூடாரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே துணி விரித்த மேசை, வெள்ளித் தட்டுகள், பொரித்த கோழி. சில கூடாரங்களில் கூரையிலிருந்து சரவிளக்கே தொங்கும். ஆண்களில் பலர் கழுத்தில் டை கட்டியிருப்பார்கள்; பெண்கள் கல்யாண வரவேற்புக்குப் போவதுபோல உடுத்தியிருப்பார்கள். தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி ஸ்டார்க்வில்லில் இருக்கிறது இவர்களின் பரம எதிரியான மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே பட்டும் வெள்ளியும் பெரிதில்லை. ஆளுக்கொரு மாட்டு மணி கையில் இருக்கும், அரங்கே அதிரும்.

இரு ஊர்க்காரர்களும் தங்கள் வழக்கத்தைத் தொன்றுதொட்டு வருவதாகவே பேசுவார்கள். நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் படம் மாறுகிறது. இக்கொண்டாட்டங்களின் முக்கியக் கூறுகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு தடையை ஒட்டியே இன்றைய உருவத்தை அடைந்திருக்கின்றன. அந்தத் தடைகளின் வழியே இவ்வரலாற்றைப் படிப்பதுதான் இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் சொல் பற்றி. வண்டியின் பின்புறம் கீழே இறக்கிவிடக்கூடிய பலகைக் கதவுக்கு டெயில்கேட் என்று பெயர். அதை இறக்கி மேசையாக்கி, ஆட்டத்துக்கு முன்பு கூடி உண்டு குடிப்பது டெயில்கேட்டிங். இதன் பிறப்பை 1861-இல் நடந்த புல் ரன் போரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. வாஷிங்டனிலிருந்து பலர் உணவுக் கூடையோடு போரை வேடிக்கை பார்க்கப் போனது உண்மைதான். ஆனாலும் அவர்களைக் கால்பந்து ரசிகர்களின் முப்பாட்டன்மார் ஆக்குவது எனக்கு ஒப்பவில்லை. முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டமே 1869-இல்தான் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் இடையே நடந்தது. குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து மரத்தடியில் நிறுத்திச் சாப்பிடும் பழக்கம், காரே பரவலான பிறகு வந்தது.

இந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் பகை விளையாட்டில் தொடங்கியதன்று. ஆக்ஸ்ஃபர்டு கல்விக்கூடம் 1848-இல் திறக்கப்பட்டது. பருத்தித் தோட்ட முதலாளிகள், வழக்கறிஞர்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அதன் செல்லப் பெயர் 'ஓல் மிஸ்'. தோட்ட முதலாளியின் மனைவியை அடிமைகள் அழைத்த சொல் அது. மாணவர் ஆண்டுமலருக்குப் பெயராகி, பிறகு பல்கலைக்கழகத்துக்கே நிலைத்துவிட்டது. ஸ்டார்க்வில் கல்லூரியோ 1878-இல் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்க உருவானது. அதை மாட்டுக் கல்லூரி என்று ஆக்ஸ்ஃபர்டுக்காரர்கள் எள்ளி நகையாடினார்கள். இந்த எள்ளலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மணியின் கதை இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இரு அணிகளும் முதன்முதலில் மோதியது 1901-இல். ஸ்டார்க்வில் 17–0 என்று வென்றது. 1926-க்குள் ஆக்ஸ்ஃபர்டு தொடர்ந்து பதின்மூன்று முறை தோற்றிருந்தது. அந்த ஆண்டு ஸ்டார்க்வில்லிலேயே போய் 7–6 என்று அது ஜெயித்ததும், அதன் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பத்தைப் பிடுங்கப் போனார்கள். உள்ளூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? நாற்காலிகள் பறந்தன. இனி இப்படி நடக்கக் கூடாது என்று இரு தரப்பு மாணவர்களும் உட்கார்ந்து பேசியதன் பலன், 1927 முதல் வழங்கப்படும் பொன் முலாம் பூசிய பந்துக் கோப்பை. அக்காலப் பந்து இன்றையதைவிடப் பருத்திருந்ததால் கோப்பை பார்வைக்கு முட்டைபோல் இருக்கும். 'எக் பௌல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான். கம்பத்தைப் பிடுங்காதிருக்கக் கொடுத்த மாற்றுப் பண்டம்தான் அந்த முட்டை.

தோப்புக்கு வருவோம். நெடுங்காலம் அங்கே கார்களே உள்ளே வந்து மரத்தடியில் நின்றன. ஆண்டின் பெரிய ஆட்டமான எக் பௌலே 1973 முதல் 1990 வரை இரு வளாகங்களிலும் நடக்கவில்லை. தலைநகர் ஜாக்சனின் பொது அரங்கில் நடந்தது. 1991-இல் அது ஸ்டார்க்வில்லுக்கும் மறு ஆண்டு ஆக்ஸ்ஃபர்டுக்கும் திரும்பியது. தோப்புக்குள் கார் நுழையக் கூடாது என்ற உத்தரவும் 1991-இல்தான் வந்தது. மழை ஈரத்தில் சக்கரங்கள் ஏறி நிலம் சேறாகி, மரங்களின் வேர் கெட்டுப்போகும் என்ற கவலையே காரணம். டெயில்கேட் இல்லாமல் டெயில்கேட்டிங் எப்படி? ரசிகர்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வண்டியின் பின்புறத்தில் அடங்கிய உணவு மேசைக்கு ஏறியது; மேசைக்கு விரிப்பு வந்தது; விரிப்புக்குப் பொருத்தமாக வெள்ளிப் பாத்திரம் வந்தது. வெள்ளிக்கிழமை மாலையே ஓடிப்போய் நல்ல இடம் பிடிக்கும் போட்டியும், காசு வாங்கிக்கொண்டு கூடாரம் போட்டுத் தரும் தொழிலும் கிளைத்தன. ஆக, நூற்றாண்டுப் பழமை வாய்ந்ததாகத் தோன்றும் அந்தக் காட்சிக்கு வயது முப்பத்துச் சொச்சம்தான்.

அங்கே எல்லோர் கையிலும் இருக்கும் நெகிழிக் கோப்பைக்கும் இதே வகைக் கதை. மதுக் கட்டுப்பாடுகளில் மிசிசிப்பிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆக்ஸ்ஃபர்டு நகரக் கடைகளில் குளிர்ந்த பியர் விற்கவே 2013 வரை தடை இருந்தது. புட்டியை வெளியே காட்ட முடியாத இடத்தில், உள்ளே இருப்பது தெரியாத கோப்பை செல்வாக்குப் பெற்றதில் வியப்பில்லை.

இவையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். கொடி அப்படியன்று.

1940-களின் இறுதியில், கறுப்பர்களின் குடிமை உரிமைகளை எதிர்த்துத் தென் மாநில அரசியல்வாதிகள் தனிக் கட்சி கண்ட காலத்தில், உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலக் கூட்டிணைவின் கொடி ஓல் மிஸ் ஆட்டங்களில் பரவியது. 1962 செப்டம்பர் 29 அன்று ஜாக்சன் அரங்கில் கென்டக்கியுடன் ஆட்டம். இடைவேளையில் ஆளுநர் ராஸ் பார்னெட் ஒலிபெருக்கி முன் நின்று மிசிசிப்பியின் வழக்கங்களைப் போற்றி முழங்க, கொடிகள் அலையலையாக எழுந்தன. ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பு மாணவரைச் சேர்க்கச் சொன்ன நீதிமன்ற ஆணைக்கு அவர் தந்த மறுமொழி அது. மறுநாள் இரவு தோப்பை ஒட்டிய வட்டத் திடலில் கலவரம் வெடித்தது. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். படை வந்து இறங்கியது. மெரிடித் சேர்ந்தார். அந்தப் பருவத்தில் அணி ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. அவ்வணியினர் 1998-இல் நன்கொடையாக அமைத்துத் தந்த வளைவின் அடியில்தான் இன்றும் வீரர்கள் தோப்புக்குள் நடந்து அரங்குக்குப் போகிறார்கள். அந்த நடையில் கைதட்டுவோர் எத்தனை பேருக்கு 1962 என்றால் இரண்டும் நினைவுக்கு வரும்?

கறுப்பு வீரர்கள் 1970-களில் அணிக்குள் வந்தார்கள், கொடி போகவில்லை. 1982-இல் பல்கலைக்கழகத்தின் உற்சாகக் குழுவின் முதல் கறுப்பு உறுப்பினரான ஜான் ஹாக்கின்ஸ் அதை ஏந்த மாட்டேன் என்றார். 1983-இல் நிர்வாகம் அந்தக் கொடி தன்னுடையது அன்று என அறிவித்தது. ரசிகர்கள் கைவிடவில்லை. 1997-இல் பயிற்சியாளர் டாமி டூபர்வில் கொடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று வேண்டினார். கறுப்பு இளைஞர்களை அணிக்கு அழைக்க அது இடைஞ்சல். அந்த ஆண்டு நிர்வாகம் எடுத்த முடிவைச் சாமர்த்தியம் என்பதா, கோழைத்தனம் என்பதா? கொடிக்கு நேரடித் தடை போட்டால் பேச்சுரிமை வழக்கு வரும். அதனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரங்குக்குள் குச்சிகளைத் தடை செய்தது. குடையும் போயிற்று. குச்சி இல்லாமல் கொடி ஏது? சில ஆண்டுகளில் அரங்கம் வெறிச்சோடியது, கொடிகளைப் பொறுத்தவரை. சாமர்த்தியம் என்றே நான் சொல்வேன். ஆனால் ஏன் என்ற பேச்சை அது பத்தாண்டுகளுக்கு மேல் தள்ளிப்போட்டது. 2009-இல் வாத்தியக் குழுவின் ஒரு பாட்டின் முடிவில் தெற்கு மீண்டும் எழும் என்று கூவும் வழக்கம் நிற்காததால் அந்தப் பாட்டையே நிறுத்தினார்கள். எதிர்ப்புக் காட்ட லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தன்று, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானைச் சேர்ந்த சிலர் அங்கியோடு வளாகத்துக்கு வந்தார்கள். விருந்துக் கூடாரங்களுக்கு அருகில்தான்.

ஸ்டார்க்வில்லின் மணிக்குத் தோற்றக் கதை ஒன்று சொல்வார்கள். ஓல் மிஸ்ஸோடு நடந்த ஆட்டத்தின்போது ஜெர்சி மாடு ஒன்று மைதானத்துக்குள் புகுந்ததாம். அன்று வெற்றி கிட்டியதால் மாடு ராசியாகிவிட்டதாம். மாட்டை ஓட்டிவருவது சிரமமாகி மணி மட்டும் மிஞ்சியதாம். உறுதியாகத் தெரிவது, 1940-களுக்குள் மணி வழக்கத்தில் இருந்தது என்பதே. மாட்டுக் கல்லூரி என்ற ஏச்சைக் கையில் எடுத்து ஆட்டிக் காட்டுவதைவிட நல்ல பதிலடி வேண்டுமா? 1960-களில் மணிக்குக் கைப்பிடி பற்றவைத்தார்கள், ஓசை கூடியது.

1974-இல் இவ்வணிகளின் கூட்டமைப்பான சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் செயற்கை ஒலிக்கருவிகளுக்குத் தடை விதித்தது. மணி அன்றுதான் புனிதப் பொருளானது. சட்டைக்குள்ளும் கைப்பையிலும் மறைத்து உள்ளே கொண்டுபோக, காவலர்களும் கண்டும் காணாமல் இருக்க, மூன்றரைப் பத்தாண்டுகள் ஓடின. மணியைக் கடையில் வாங்கக் கூடாது, யாராவது பரிசாகத் தர வேண்டும் என்ற நம்பிக்கையும் உண்டு. தாத்தாவின் மணி பேரனுக்கு வரும். 2010-இல் கூட்டமைப்பு இறங்கி வந்தது: இடைவேளையிலும் புள்ளி எடுத்த பிறகும் அடிக்கலாம், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது கூடாது, மீறினால் பல்கலைக்கழகத்துக்கு அபராதம். பொறுப்போடு அடியுங்கள் என்று நிர்வாகமே பிரசாரம் செய்யும் நிலை வந்தது. கடத்தல் பொருள் நிகழ்ச்சி நிரலில் ஏறிவிட்டது. இதே காலத்தை ஒட்டி, பல சாலைகள் குழம்பிக் கூடிய பழைய சந்திப்பு ஒன்றைப் புல்வெளியாக்கி 'தி ஜங்ஷன்' என்று பெயரிட்டு, ஸ்டார்க்வில்லும் தனக்கொரு கூடாரத் திடலை அமைத்துக்கொண்டது.

2020 ஜூனில், மாநிலக் கொடியின் மூலையில் இருந்த கூட்டிணைவுச் சின்னத்தை நீக்காவிட்டால் மிசிசிப்பிக்காக ஆட மாட்டேன் என்றார் ஸ்டார்க்வில் வீரர் கைலின் ஹில். தன் சாம்பியன்ஷிப் போட்டிகளை மாநிலத்தில் நடத்தாமல் இருப்பதைப் பரிசீலிப்போம் என்று கூட்டமைப்பும் எச்சரித்திருந்தது. இரு பகை அணிகளின் பயிற்சியாளர்களும் சட்டமன்றக் கட்டடத்துக்குச் சேர்ந்தே போனார்கள். ஜூன் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட, கொடி இறங்கியது. நவம்பர் 3 அன்று மக்னோலியா மலர் பொறித்த புதிய கொடிக்கு மக்கள் வாக்களித்தார்கள். அம்மாதம் 28 அன்று ஆக்ஸ்ஃபர்டில் எக் பௌல் நடந்தது. ஓல் மிஸ் 31–24 என்று வென்றது. கொரோனாவால் தோப்பில் கூடுவதற்குத் தடை. மாற்றுவழி எதுவும் கண்டுபிடிக்க முடியாத தடை அது. மரங்களின் கீழ் அன்று ஒரு கூடாரமும் இல்லை.