பிற இனத்தார் ஏற்றிய விளக்கு

தனித்து உண்டு, தனித்துப் பெருகி, அயலாரைப் பற்றிக் கவலையின்றி வாழும் உயிர் என்றே பற்றீரியாவை அறிவியலாளர் பெரும்பாலோர் நெடுங்காலம் எண்ணி வந்தனர்.

1970 ஆம் ஆண்டில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்னும் மூவர், கடலில் வாழும் ஒளிரும் பற்றீரியாக்களைப் பற்றிய ஒரு புதுமையை வெளியிட்டனர். புதிய வளர்ப்பூடகத்தில் இடப்பட்டவை விரைந்து பெருகிய போதும், முதலில் அவற்றின் ஒளி பெருகவில்லை. நெருக்கம் மிகுந்ததும் திடீரென ஓங்கிற்று. முன்னரே நெருங்கி வளர்ந்த திரவத்தினின்று பற்றீரியாக்களை அகற்றிவிட்டு, அத்திரவத்திலே புதியனவற்றை இட்டபோதோ, அவை காத்திராமலே ஒளிர்ந்தன. அவை கசியவிடும் இரசாயனப் பொருளொன்று நீரிற் சேர்ந்து, போதிய அளவை எட்டியதும் ஒளியைத் தூண்டுகிறது என்பது இதனாற் புலனாயிற்று. 1994 இல் இந்நிகழ்வுக்கு, கூட்ட நடப்பெண்ணை உணர்தல் எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டது. போதிய உறுப்பினர் கூடினாலன்றிச் சபையில் தீர்மானம் இல்லையன்றோ?

நேயர்கள் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 1970 இல் கண்டது ஓரினத்தார் தமக்குள்ளே நிகழ்த்திய உரையாடல். 1979 இல் கிறீன்பேக், ஹேஸ்டிங்ஸ், உலிட்சூர் ஆகியோர், வேறு கடற் பற்றீரியாக்கள் வளர்ந்த திரவமும் இன்று விப்ரியோ ஹாவியி எனப்படும் இனத்தை ஒளிரச் செய்வதைக் கண்டனர். அவற்றுட் பல தாம் ஒளிராதவை. தம் வீட்டிலே விளக்கில்லாதோர் அயல் வீட்டு விளக்கை ஏற்றியவாறு!

இதன் முழுப் பொருள் விளங்கப் பின்னும் இருபது ஆண்டுகள் சென்றன. 1999 இல் பொனி பாஸ்லரும் உடனாய்வாளரும், இவ்விரண்டாம் பொருளை ஆக்கும் மரபணு மனிதக் குடலில் வாழும் எஸ்ஷெரிக்கியா கோலியிலும் உண்டெனக் காட்டினர். 2002 இல் அப்பொருளின் அமைப்பில் போரன் என்னும் மூலகம் இருப்பது தெரியவந்தது. எனினும், இது வேண்டுமென்றே விடுக்கும் செய்தியா, உயிரணு வெளியேற்றும் கழிவை அயலார் மோப்பம் பிடிப்பதா என்ற வாதம் எழுந்தது. எல்லா இனத்திற்கும் ஒரே விடை பொருந்துமென எதிர்பார்ப்பது சரியன்று.

செய்தியை அழிப்போரும் உளர். உருளைக்கிழங்கை அழுகச் செய்யும் பற்றீரியா, தன் கூட்டம் பெருகும்வரை அடங்கியிருந்து, பின்னரே திசுக்களைக் கரைக்கும் நொதியங்களை மிகுதியாகச் சொரியும். 2000 ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆய்வாளர், பசிலசு வகைப் பற்றீரியா ஒன்று இக்கூட்டத்தின் செய்திப் பொருளையே நொதியத்தாற் சிதைப்பதைக் கண்டனர். அந்நொதியத்தின் மரபணுவை 2001 இல் உருளைக்கிழங்குச் செடியிற் புகுத்தினர். செய்தி சிதைந்த நிலையில், அழுகற் பற்றீரியா அச்செடியைத் தாக்கும் வலிமையைப் பெரிதும் இழந்தது.