குதிரைக் காட்சியில் அவசரநிலை: மணி அடித்தால் யார், என்ன செய்யவேண்டும்?

குதிரையேற்றப் போட்டிக்கோ பள்ளி விடுமுறையில் நடக்கும் குதிரைக் காட்சிக்கோ போயிருக்கிறீர்களா? தடை தாண்டும் குதிரை, கைத்தட்டல், படம் எடுக்கும் கூட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் மருத்துவ வாகனம், திடலோரம் சுருட்டி வைக்கப்பட்ட பச்சைத் திரை, ஒவ்வொரு கேட்டிலும் வாக்கி-டாக்கியோடு நிற்கும் ஊழியர் ஆகியவற்றை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

ஏதாவது தவறிப்போனால் அடுத்த சில நிமிடங்களை முடிவுசெய்வது இவைதான். அந்தத் திட்டம் எப்படி வேலை செய்கிறது, பார்வையாளராக உங்கள் பங்கு என்ன? பார்க்கலாம்.

குதிரைக்கு எதற்குத் தனித் திட்டம்?

கச்சேரி, காற்பந்து ஆட்டம் போன்ற நிகழ்ச்சிகளில் மனிதர்களைப் பாதுகாத்தால் போதும். குதிரைக் காட்சியில் சுமார் 500 கிலோகிராம் எடையுள்ள, பயந்தால் ஓடிவிடும் விலங்கும் சேர்ந்துகொள்கிறது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால், சுற்றியுள்ள எல்லாமே கிட்டத்தட்ட அதற்குத் தெரியும். ஆனால் நேர் பின்புறமும் மூக்குக்கு நேர் முன்னாலும் தெரியாது. அங்கிருந்து திடீரென்று ஒரு சத்தமோ அசைவோ வந்தால் அது முதலில் ஓடும், பிறகுதான் என்னவென்று பார்க்கும்.

நன்கு பழக்கப்பட்ட குதிரைகூட விதிவிலக்கில்லை. 2024 ஏப்ரல் 24ஆம் தேதி மத்திய லண்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். அரச அணிவகுப்புகளில் பங்கெடுக்கும் படைக் குதிரைகள் அன்று காலைப் பயிற்சிக்குச் சென்றிருந்தன. பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் பொருள்கள் விழுந்த சத்தத்தில் அவை மிரண்டன. வீரர்களைத் தள்ளிவிட்டுச் சில குதிரைகள் போக்குவரத்துக்கு நடுவே ஓடின. கிழக்கு லண்டன் வரை போன பிறகே கடைசிக் குதிரைகள் பிடிபட்டன. மனிதர்களும் குதிரைகளும் காயமடைந்தனர்.

அது போட்டியோ காட்சியோ இல்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவே, வெளியே செல்லும் கேட் திறந்திருக்கும்போது ஒரு குதிரை மிரண்டால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது.

திட்டத்தில் என்ன இருக்கவேண்டும்?

நல்ல திட்டம் தடிமனான கோப்பாக இருக்கவேண்டியதில்லை. ஐந்து கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொன்னால் போதும்.

1. நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? நடுவருக்கா, கால்நடை மருத்துவருக்கா, ஏற்பாட்டாளருக்கா? ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு பெயர் இருக்கவேண்டும்.

2. மனிதருக்கு உதவுவது யார், குதிரைக்கு உதவுவது யார்? இவை இரண்டு தனிக் குழுக்கள். விழுந்தவரிடம் ஓடும் மருத்துவ உதவியாளர், குதிரையைப் பிடிக்கப் போகக்கூடாது.

3. மருத்துவ வாகனம் எந்த வழியாக வரும்? அந்தப் பாதையில் யாரும் வண்டியை நிறுத்தக்கூடாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழைப்பவர், எந்தக் கேட் என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் கேட்டில் ஒருவர் காத்திருந்து வழிகாட்டவேண்டும்.

4. எல்லாருக்கும் எப்படித் தெரியப்படுத்துவது? வாக்கி-டாக்கியில் எல்லாருக்கும் புரியும் ஒரே சொல், ஒலிபெருக்கியில் பதற்றமில்லாத ஒரே குரல்.

5. ஒவ்வொரு குதிரைக்கும் பொறுப்பு யார்? லாயத்தின் கதவில் உரிமையாளர் அல்லது பராமரிப்பாளரின் தொலைபேசி எண் இருக்கவேண்டும். நடு இரவில் பிரச்சினை வந்தால் அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இவற்றை எழுதி வைத்தால் மட்டும் போதாது. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் எல்லா ஊழியர்களும் ஒரு தடவையாவது நடந்து பார்க்கவேண்டும். தொண்டூழியர்களும்தான்.

வீரர் கீழே விழுந்தால்?

தடை தாண்டும் போட்டியில் நடுவர் மணி அடித்தால் வீரர் நிற்கவேண்டும். தடை சரிந்து பாதை ஆபத்தானால், குறுக்கே ஏதாவது வந்தால், நேரக் கணக்கை நிறுத்தவும் அதே மணிதான். திறந்தவெளியில் நடக்கும் குறுக்கோட்டப் போட்டியில் மணி கேட்காது. அதனால் குறிப்பிட்ட இடங்களில் நிற்கும் அதிகாரிகள் சிவப்புக் கொடியை உயர்த்தி, பின்னால் வரும் குதிரையை நிறுத்துவார்கள். முன்னால் ஒருவர் விழுந்து கிடப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு.

விழுந்தவர் உடனே எழுந்து நின்று "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லலாம். அதை அப்படியே நம்பிவிட முடியாது. தலையில் அடிபட்டவருக்குச் சில நேரம் தமக்கு என்ன ஆனது என்றே தெரியாது. அதனால் விழுந்தவரை மருத்துவர் பார்த்த பிறகே அவர் மறுபடி குதிரையில் ஏறலாம். கடுமையாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடவேண்டும். உள்ளே இருக்கும் பஞ்சு அடுக்கு நசுங்கியிருக்கலாம்.

விழுந்தவர் அசையாமல் கிடந்தால், அவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். கழுத்திலோ முதுகெலும்பிலோ காயம் இருக்கக்கூடும். பயிற்சி பெற்றவர் வரும்வரை அவர் அப்படியே இருப்பதுதான் நல்லது.

குதிரை தப்பி ஓடினால்?

முதல் வேலை, கேட்டுகளை மூடுவது. குதிரையைப் பிடிப்பது அதற்கு அப்புறம். சாலைக்குப் போகும் வழி அடைபட்டால் பாதி ஆபத்து குறைந்துவிடும். பயிற்சித் திடலில் இருக்கும் மற்ற வீரர்கள் குதிரையை நிறுத்துவார்கள், தேவைப்பட்டால் இறங்கிவிடுவார்கள். ஒன்று ஓடினால் மற்றவையும் ஓடப் பார்க்கும், குதிரை கூட்டமாக வாழும் விலங்கு.

தனியாக ஓடும் குதிரை பெரும்பாலும் மற்ற குதிரைகள் இருக்கும் இடத்துக்கோ தன் லாயத்துக்கோ போகத்தான் பார்க்கும். அதைத் துரத்தினால் அது இன்னும் வேகமாக ஓடும். பழக்கப்பட்ட ஒருவர் மெதுவாக, பக்கவாட்டிலிருந்து, கையில் தீவன வாளியோடு நெருங்கினால் அது தானாகவே நிற்பதுண்டு.

குதிரையே சரிந்து விழுந்தால்?

2011 நவம்பர் 6ஆம் தேதி இத்தாலியின் வெரோனா நகரில் நடந்த உலகக் கிண்ணச் சுற்றில் ஹிக்ஸ்டெட் என்ற குதிரை சுற்றை முடித்த கையோடு திடலிலேயே சரிந்து விழுந்து இறந்தது. மூன்று ஆண்டுக்கு முன் ஹாங்காங்கில் கனடாவின் எரிக் லமாஸுக்கு ஒலிம்பிக் தங்கம் வென்று தந்த குதிரை அது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கிழிந்ததே காரணம் என்று பின்னர் தெரியவந்தது. மற்ற வீரர்கள் போட்டியைத் தொடர விரும்பவில்லை, அன்றைய சுற்று அத்துடன் நிறுத்தப்பட்டது.

எந்தப் பரிசோதனையாலும் தடுக்க முடியாத சம்பவங்கள் உண்டு. அப்போது திட்டம் உதவுவது வேறு விதத்தில். திடலோரத்தில் கால்நடை மருத்துவர், சாய்தளத்தோடு கூடிய குதிரை மருத்துவ வாகனம், கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்க ஒரு திரை ஆகியவை தயாராக இருக்கவேண்டும். 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெட் செட் என்ற சுவிஸ் குதிரைக்குக் குறுக்கோட்டத்தில் காலில் பலத்த காயம் ஏற்பட்டது. மருத்துவ வாகனத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற பிறகு, குணப்படுத்த முடியாத காயம் என்று தெரிந்ததால் அது கருணைக்கொலை செய்யப்பட்டது.

திரை எதையோ மூடி மறைக்க என்று சிலர் சந்தேகப்படுவார்கள். மருத்துவர் பதறாமல் வேலை செய்யவும், குதிரையைக் கூட்டத்தின் அசைவு மேலும் பயமுறுத்தாமல் இருக்கவும்தான் அது. அந்த நேரத்தில் திரைக்கு மேலே தொலைபேசியை நீட்டிப் படம் எடுப்பது யாருக்கும் உதவாது.

நம் ஊர் வெயிலும் இடியும்

உலகில் மின்னல் அதிகம் தாக்கும் வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. திறந்த திடல், உலோக வேலி, ஹெல்மெட் அணிந்து உயரத்தில் உட்கார்ந்திருக்கும் வீரர்... இதைவிட ஆபத்தான சேர்க்கை வேண்டுமா? மின்னலைப் பார்த்து 30 விநாடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் கட்டடத்துக்குள் போகவேண்டும், கடைசி இடிக்கு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்பவேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் விதி இது. கூடாரமும் மரத்தடியும் பாதுகாப்பான இடங்கள் அல்ல.

வெப்பத்துக்கு வெறும் வெப்பமானியைப் பார்த்தால் போதாது. வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் அளவை ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வெப்ப அழுத்த எச்சரிக்கைக்குப் பயன்படுத்தப்படும் அதே அளவைதான். அது 33 டிகிரியை எட்டினால் இங்கே 'அதிக' வெப்ப அழுத்தம். அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் வழிகாட்டியிலும் 33ஐத் தாண்டினால் பாதுகாப்பாகப் போட்டி நடத்துவது கடினம் என்றே கருதப்படுகிறது.

2008இல் ஹாங்காங்கில் ஒலிம்பிக் குதிரையேற்றம் நடந்தபோது தடை தாண்டும் போட்டிகள் இரவில் விளக்கொளியில் நடத்தப்பட்டன, நீர்த்துளி தெளிக்கும் விசிறிகளும் வைக்கப்பட்டன. சூடேறிய குதிரைமீது குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. அது தவறு. நிழலில் நிறுத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரைத் தொடர்ந்து ஊற்றுவதுதான் வெப்பத்தை விரைவாகக் குறைக்கும்.

தீ

வைக்கோல், மரத்தூள், மின்விசிறி, நீட்டிப்புக் கம்பி. லாயத்தில் தீப்பிடிக்கத் தேவையான எல்லாமே ஒரே இடத்தில் இருக்கின்றன. புகைபிடிக்கத் தடை, தீயணைப்புக் கருவி, தடையில்லா நடைபாதை இவை அடிப்படை. ஒவ்வொரு லாயக் கதவிலும் தலைவாரும் கைக்கயிறும் தொங்கவேண்டும். இருட்டிலும் புகையிலும் அதைத் தேட நேரம் இருக்காது.

பயந்த குதிரை, தனக்குப் பழகிய லாயத்தைவிட்டு வெளியே வர மறுக்கலாம். வெளியே வந்தபின் விட்டுவிட்டால் திரும்ப உள்ளே ஓடவும் கூடும். அதனால் வெளியேற்றிய குதிரைகளை வேலியிட்ட இடத்தில் அடைக்க முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். மிக முக்கியமாக, தீயணைப்பாளர் 'போகாதே' என்று சொன்னால் யாரும் உள்ளே போகக்கூடாது, எவ்வளவு பிரியமான குதிரையாக இருந்தாலும்.

சத்தமில்லாத அவசரநிலை: காய்ச்சல்

2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வாலென்சியாவில் பல நாட்டுக் குதிரைகள் ஒன்றாகத் தங்கியிருந்த போட்டித் தொடரில் சில குதிரைகளுக்குக் காய்ச்சல் கண்டது. காரணம் குதிரைகளைத் தாக்கும் ஒரு வகை ஹெர்பிஸ் கிருமி. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் சில குதிரைகளில் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, நிற்க முடியாமல் செய்துவிடும். கிருமி பரவுவது தெரிவதற்கு முன்பே சில குதிரைகள் வேறு இடங்களுக்குப் புறப்பட்டுப் போயிருந்தன. இந்தப் பரவலில் 18 குதிரைகள் இறந்தன. மார்ச் தொடக்கத்தில் 10 நாடுகளில் அனைத்துலகப் போட்டிகள் ரத்தாயின, தடை ஏப்ரல் 11 வரை நீட்டிக்கப்பட்டது.

மிரண்டு ஓடும் குதிரையைப் பார்த்தால் யாருக்கும் அவசரம் புரியும். ஒரு டிகிரி காய்ச்சல் அப்படியில்லை. அதனால்தான் பெரிய போட்டிகளில் இப்போது நுழையும்போதே குதிரையின் உடல் வெப்பநிலை சோதிக்கப்படுகிறது. தங்கியிருக்கும் நாள்களில் தினமும் இரண்டு தடவை அளந்து பதிவுசெய்கிறார்கள். 38.5 டிகிரியைத் தாண்டினால் மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். தனிமைப்படுத்தும் லாயம் வேறாக, முன்கூட்டியே தயாராக இருக்கவேண்டும். காய்ச்சல் வந்த பிறகு இடம் தேடினால் தாமதமாகிவிடும்.

இது ஐரோப்பாவின் பிரச்சினை மட்டும்தானே என்று நினைக்கவேண்டாம். 2020இல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் முதன்முறையாகத் தென்கிழக்காசியாவில், தாய்லந்தில், தலைகாட்டியது. சிறு கொசுபோன்ற பூச்சிகள் பரப்பும் அந்த நோயால் அங்கே 500க்கும் அதிகமான குதிரைகள் மாண்டன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

• உள்ளே போனதும் வெளியேறும் வழியையும் முதலுதவிக் கூடாரத்தையும் பார்த்து வையுங்கள்.
• குதிரையின் பின்னால் போகாதீர்கள். நெருங்குமுன் பராமரிப்பாளரிடம் கேளுங்கள், குதிரைக்கும் குரல் கொடுங்கள்.
• குடையைத் திடீரென்று விரிப்பது, பலூன், ட்ரோன், ஃபிளாஷ் எதுவும் திடலருகே வேண்டாம்.
• ஒரு குதிரையின் மூக்கைத் தடவிவிட்டு அடுத்த குதிரையிடம் போகாதீர்கள். கிருமி உங்கள் கை வழியாகவும் போகும்.
• குதிரை ஓடி வருகிறது என்று அறிவித்தால் கத்தவோ ஓடவோ வேண்டாம். பிள்ளைகளைக் கைபிடித்து வேலிக்குப் பின்னால் அமைதியாக நில்லுங்கள். திறந்த கேட் பக்கத்தில் இருந்தால் மூடுங்கள்.
• மருத்துவ வாகனப் பாதையில் நிற்காதீர்கள், இரண்டு நிமிடத்துக்குக்கூட.

தொண்டூழியராகவோ குதிரையேற்ற மாணவராகவோ போகிறீர்கள் என்றால் கூடுதலாக ஒரு கேள்வி. நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் பொறுப்பாளரிடம் கேளுங்கள்: "இப்போ நிறுத்தணும்னா யார் சொல்லணும்?" உடனே ஒரு பெயர் வந்தால் திட்டம் தயார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அந்தப் பெயரை முடிவுசெய்யும் வரை முதல் குதிரையைத் திடலுக்குள் விடாமல் இருப்பது நல்லது.