பேவ்டா, கர்துல்லா, நோயாளி: கோவண்டியிலிருந்து ஒரு பார்வை

போதைக்கு ஆட்பட்டவரை ஒரு நகரம் எந்தச் சொல்லால் அழைக்கிறதோ, அதைப் பொறுத்தே அவர் முதலில் சென்று சேருமிடம் காவல் நிலையமா, மருத்துவமனையா என்பது பெரிதும் அமைகிறது. மும்பையின் தெருமொழியில் ‘பேவ்டா’ என்றால் குடிகாரன். ‘கர்துல்லா’ என்றால் பிரவுன் சுகருக்கு அடிமையானவன். இரண்டும் வசைச்சொற்கள். ‘நோயாளி’ என்னும் மூன்றாவது சொல் இந்நகருக்குத் தாமதமாகவே வந்தது. கோவண்டியை அது இன்னும் முழுமையாக வந்தடையவில்லை.

முதல் சொல்லுக்குச் சட்ட வடிவம் தந்தது 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம். அருந்துவதையே அது குற்றமாக்கியது. ஆனால் ‘உடல்நலத்தைப் பேணுவதற்காக’ மது அருந்தும் அனுமதிச் சீட்டுக்கும் இந்த ஏற்பாட்டில் இடமிருந்தது. வசதி படைத்தோர் சீட்டுப் பெற்றனர். கூலித் தொழிலாளர் தாராவியின் சதுப்பு நிலத்தில் காய்ச்சப்பட்ட கள்ளச்சாராயத்தை நாடினர். அச்சாராயத் தொழிலில் வரதராஜ முதலியார் போன்ற தமிழர் பெயரெடுத்ததும், அதைக் குடித்து அழிந்தோரிலும் தமிழர் இருந்ததும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். ‘உடல்நலம்’ என்னும் சொல் சட்டத்தின் நிழலில் இருந்தது. குடிநோய்க்கான சிகிச்சை மட்டும் அங்கே இல்லை.

சிகிச்சையின் மொழி சட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தது. 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தின் கூட்டங்கள் 1957இல் பம்பாயில் தொடங்கின. குடித்து மீண்டவரே குடிப்பவரிடம் பேசுவது அதன் முறை. சென்னையில் 1980ஆம் ஆண்டு, குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை நிறுவினார். மறு ஆண்டே பாந்த்ராவில் அருட்தந்தை ஜோ பெரேரா ‘கிருபா’ அறக்கட்டளையைத் தொடங்கினார். இழப்பை அறிந்தோரும் மதகுருவும் தோழமைக் குழுக்களும் அரசுக்கு முன்பே குடிகாரனை நோயாளியாகக் கண்டனர் என்பது கவனத்திற்குரியது.

அதே 1980களில் பிரவுன் சுகர் நகரெங்கும் பரவியது. ‘கர்துல்லா’ என்னும் சொல்லும் உடன் பரவியது. 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நுகர்வையும் தண்டனைக்குரியதாக்கியது. எனினும் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் 64ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. தாமாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்களிப்பது அப்பிரிவு. குற்றம் என்ற சுவரில் திறக்கப்பட்ட சிறு வாசல் அது.

அவ்வாசல் யாருக்கு எட்டும் என்பதே கோவண்டி எழுப்பும் கேள்வி. 1927 முதல் நகரின் குப்பையைத் தாங்கிவரும் தேவ்நார் மேட்டின் விளிம்பில், வேறிடங்களிலிருந்து அகற்றப்பட்டோருக்காக 1970களில் உருவானது சிவாஜி நகர். அருகிலுள்ள சீத்தா கேம்ப், 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களின் குடியிருப்பு. அவர்களில் தமிழர் பலர். 2009ஆம் ஆண்டின் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் இப்பகுதிகள் அடங்கிய எம்-கிழக்கு வட்டமே கடைசி இடத்தில் இருந்தது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் ‘பட்டன்’ எனப்படும் தூக்க மாத்திரையும் இங்கு இளைஞரிடையே புழங்குவதைச் செய்தித்தாள்கள் தொடர்ந்து எழுதிவருகின்றன. கோடீனும் அபினி வழி வந்த பொருளே. மருந்துப் புட்டியில் வருவதால் அதைப் போதையென வீட்டார் உணரவே நாளாகிறது. உணர்ந்த பிறகும், நாட்கூலியில் வாழும் குடும்பம் வாரக்கணக்கில் வருமானத்தை இழந்துதான் ஒருவரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும்.

‘மன உறுதி இருந்தால் விட்டுவிடலாம்’ என்னும் அறிவுரை இங்கே போதாது. உடல் பழகிய அபினி வகைப் பொருளைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் உடல்வலியும் உறக்கமின்மையும் தாக்கும். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதல் நாட்களில் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. பின்னர் ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் நெடுங்காலம் தொடர வேண்டும். இடையில் மீண்டும் போதைக்குத் திரும்புவது இந்நோயின் இயல்புகளில் ஒன்று. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை மீண்டும் ஏறினால் எவரும் அவரைக் குற்றவாளி என்பதில்லை.

ஆனால் 64ஏ பிரிவின்படி, சிகிச்சையை முழுமையாக முடிக்காதவரிடமிருந்து விலக்கைத் திரும்பப் பெறலாம். நோயின் இயல்பாக மருத்துவம் காண்கின்ற இடறல், சட்டத்தின் முன் ஒருவரின் பாதுகாப்பையே பறிக்கக்கூடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. இரு சட்டங்களும் இன்று ஒருங்கே நடைமுறையில் உள்ளன. சிவாஜி நகரின் ஓர் இளைஞனை அவற்றுள் எது முதலில் சென்றடைகிறதோ, அதுவே அவனுக்குரிய சொல்லைத் தீர்மானிக்கும்.