மூன்று பொற்காசுகளும் ஒரு வங்கியாளரின் கொடையும்



சென்ற மாதச் சபைக் குழுக் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்வி இன்னும் என்னை விட்டு அகலவில்லை. ஆலயத்தின் கீழ்த்தளத்தில் வாரந்தோறும் நாம் நடத்தும் உணவு வழங்கும் பணியை விரிவாக்க, வெளியிலிருந்து மானியம் கேட்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு கிடைக்கும் என்றெல்லாம் இளையோர் அடுக்கிக்கொண்டே போனார்கள். அதுவரை மௌனமாயிருந்த மூத்த சகோதரர் ஒருவர், "பாஸ்டர், கேக்கிறதில பிழை இல்லை. ஆனா அந்தக் காசு எங்கயிருந்து வருகுது?" என்றார். அன்று என்னால் சரியான விடை கூற இயலவில்லை. இந்த வாரத் தியானத்தை அந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன். வரலாறு சற்று நீளும், பொறுத்தருளுங்கள்.

கனடாவில் சமுதாய அறக்கட்டளை என்னும் அமைப்பு முதன்முதலில் தோன்றியது 1921-இல், வினிப்பெக் நகரில். ஊரார் பலரும் தரும் கொடைகளை ஒரே நிதியில் சேர்த்து, முதலைத் தொடாமல், அதன் வருமானத்தை மட்டும் ஆண்டுதோறும் அந்த ஊரின் தேவைகளுக்கு வழங்குவது அதன் முறை. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 1914-இல் பிறந்த எண்ணம் அது. நம்மூர்க் கோயில்களிலும் ஆலயங்களிலும் வயலைச் சாசனம் எழுதி வைத்து, விளைச்சலில் விளக்கெரித்த முன்னோருக்கு இது விளங்காத ஒன்றல்ல. வயலுக்குப் பதில் பத்திரங்கள்; விளைச்சலுக்குப் பதில் வட்டி.

வினிப்பெக்கில் அந்த நிதிக்கு முதல் கொடையாக 100,000 டாலர் கொடுத்தவர் வில்லியம் ஃபோர்ப்ஸ் அலோவே. அயர்லாந்தில் பிறந்தவர். 1870-இல் செவ்வாற்றங்கரைக்கு அனுப்பப்பட்ட படையில் சாதாரணச் சிப்பாயாக மனிட்டோபாவுக்கு வந்தார். சரக்கு வண்டிகள் ஓட்டிப் பொருள் சேர்த்தார். 1879-இல் சாம்பியன் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு தனியார் வங்கியைத் தொடங்கினார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தான் பெற்ற யாவும் இந்த ஊரால் வந்தவை என்று கருதியே அந்தத் தொகையைக் கொடுத்தார். 1930-இல் அவர் மறைந்தபின் சொத்தின் பெரும்பகுதியும் அங்கேயே சென்றது.

இரண்டாவது கொடை 1924-இல் வந்தது. ஓர் உறை, உள்ளே 5 டாலர் மதிப்புள்ள பொற்காசுகள் மூன்று. கொடுத்தவர் பெயர் இல்லை. விதவையின் காசு என்று பொருள்படும் இரண்டொரு சொற்கள் மட்டும் எழுதப்பட்டிருந்தன. எருசலேம் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிராக ஆண்டவர் உட்கார்ந்து, ஐசுவரியவான்கள் போடுவதையும் ஏழை விதவை இரண்டு காசு போடுவதையும் நோக்கிய அந்தக் காட்சியை (மாற்கு 12-ஆம் அதிகாரம்) எழுதியவர் நன்கு அறிந்திருக்க வேண்டும். 100,000 டாலருக்கு அடுத்த வரியில் 15 டாலர். இன்றளவும் அந்த அறக்கட்டளை, அலோவேயின் பெயருக்குச் சற்றும் குறையாமல் அந்த உறையையும் நினைவுகூர்கிறது. கொடுத்தவர் யாரென்று இதுவரை யாருக்கும் தெரியாது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க நல்ல கதையாகியிருக்கும். ஆனால் சகோதரரின் கேள்வி அலோவேயின் பணப்பையையும் திறந்து பார்க்கச் சொல்கிறது.

1870-ஆம் ஆண்டின் மனிட்டோபாச் சட்டம், அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்துவந்த மெட்டிஸ் மக்களின் பிள்ளைகளுக்கு 14 இலட்சம் ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. குடும்பத் தலைவர்களுக்கு, நிலம் வாங்க உதவும் 160 டாலர் பெறுமதியுள்ள சீட்டுகள் பின்னர் வழங்கப்பட்டன. நிலப் பங்கீடு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. குடியேறிகள் வந்து குவிந்தார்கள். காத்திருக்க இயலாத குடும்பங்கள் கையிலிருந்த சீட்டையும் வரவிருந்த உரிமையையும் குறைந்த விலைக்கு விற்று மேற்கே நகர்ந்தன. அவற்றை வாங்கி விற்ற வணிகர்களில் முன்னணியில் நின்றது அலோவே, சாம்பியன் வங்கி. அது அன்றைய சட்டப்படி குற்றமல்ல. ஆயினும் அந்த நிலப் பங்கீட்டை அரசு உரிய கவனத்தோடு நிறைவேற்றத் தவறியது என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. வாக்களிக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் 143 ஆண்டுகள்.

அலோவேயைக் கள்வர் என்று நான் சொல்லவில்லை. கொடுத்தவற்றின் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன், அவ்வளவே. யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசை ஆசாரியர் காணிக்கைப் பெட்டியில் போட மறுத்தார்கள். அது இரத்தக்கிரயம் என்றார்கள். ஆனால் அதே காசில் குயவனுடைய நிலத்தை வாங்கி அந்நியரை அடக்கம்பண்ண ஒதுக்கினார்கள். அவர்கள் மாய்மாலக்காரர் என்பதில் ஐயமில்லை. எனினும் உறவினரின்றி எருசலேமில் மரித்த யாரோ ஓர் அந்நியனுக்கு அங்கே ஆறடி மண் கிடைத்தது. இந்த இரண்டையும் ஒருசேர எப்படிப் பற்றிக்கொள்வது என்பது எனக்கு இன்னும் எளிதாக இல்லை.

இனி, அறம் என்றால் எது என்று கனடாவின் சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது என்பதைப் பார்ப்போம். மானியம் தேடுவோர் அநேகர் இடறும் இடம் இதுவே. இதன் வேர் 1601-இல் எலிசபெத் அரசியின் காலத்தில் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் முகவுரையில் இருக்கிறது. முதியோர், ஏழைகள், ஊனமுற்ற போர்வீரர், அநாதைப் பிள்ளைகள், கைதிகளை மீட்டல், பாலங்களும் சாலைகளும் பழுதுபார்த்தல், ஏழைப் பெண்களுக்குத் திருமணம் செய்துவைத்தல் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. வாசிக்கும்போது நம் தாத்தாமார் உயில் எழுதியதைப் போலவே இருக்கிறது.

அந்தப் பட்டியலை நான்கு தலைப்புகளாகச் சுருக்கிய வழக்கு நம் இனத்துக்கும் சற்று நெருக்கமானது. மொராவியச் சபையார் தங்கள் மிஷனெரிப் பணிக்கென எழுதிவைக்கப்பட்ட நிலத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குக் கேட்டார்கள். ஏழைகளுக்கு உதவுவது மட்டுமே தர்மம், மிஷனெரிப் பணி தர்மமாகாது என்று வரித்துறை வாதாடியது. சபையின் பொருளாளர் பெம்சல் வழக்கை நடத்தினார். 1891-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வறுமை நீக்கல், கல்வி வளர்த்தல், சமயம் வளர்த்தல், சமூகத்துக்குப் பயன்படும் பிற நோக்கங்கள் என நால்வகையையும் மக்னாட்டன் பிரபு அதில் வகுத்தார். இந்த மொராவியர் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் அமைத்து வாழ்ந்தவர்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குச் சென்று பணிசெய்ய முயன்றவர்கள். அதே சபையார் 1771-இல் இன்றைய கனடாவின் லாப்ரடார் கரையில், இனுயிட் மக்களிடையே, நெயின் என்னும் ஊரை நிறுவினார்கள். தரங்கம்பாடியின் வெயிலும் லாப்ரடாரின் பனியும் ஒரே சபையின் வரலாற்றில் சந்திப்பதை எண்ணும்தோறும் வியப்படைகிறேன்.

கனடாவில் வருமான வரி 1917-இல், முதல் உலகப் போரின் செலவுக்கென வந்தது. தர்ம நன்கொடைக்குப் பொதுவான வரிக்கழிவு 1930-இல் வந்தது. 1967 முதல் அறநிறுவனங்கள் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும் என்றாயிற்று. இன்று பதிவுபெற்றவை 80,000-த்துக்கும் மேல். அவற்றுள் கணிசமான பங்கு ஆலயங்களும் பிற வழிபாட்டிடங்களும் ஆகும். பதிவு வழங்கும்போது வரித்துறை இன்றும் அந்த 1891-ஆம் ஆண்டின் நான்கு தலைப்புகளையே கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறது.

அந்த அளவுகோலின் கடுமையைப் புலம்பெயர்ந்தோர் நன்றாகவே உணர்ந்தார்கள். வான்கூவரில் குடியேறிய பெண்களுக்கு வேலை தேட உதவிய ஒரு சங்கம் பதிவுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1999-இல் நான்குக்கு மூன்று என்னும் கணக்கில் தோற்றது. சங்கத்தின் வேலை நல்லதல்ல என்று நீதிபதிகள் கூறவில்லை. அதன் நோக்கங்களை எழுதியிருந்த விதம், அறமல்லாத செயல்களுக்கும் இடங்கொடுப்பதாயிருந்தது என்பதே குறை. நற்பணி செய்தும் எழுத்தில் தவறிய கதை அது. நாமும் ஒருமுறை அப்படித் தவறினோம். சமுதாயத்தை மேம்படுத்துதல் என்று பொதுப்படையாக எழுதி அனுப்பிய நம் விண்ணப்பம், யாருக்கு, எத்தனை பேருக்கு, என்ன மாறும் என்று கேட்டுத் திரும்பி வந்தது சிலருக்கு நினைவிருக்கும். அப்போது வருந்தினேன். இப்போது அந்தக் கேள்விகள் நியாயமானவை என்றே எண்ணுகிறேன்.

அரசும் நேரடியாகக் கொடுக்கத் தொடங்கியது. 1972-இல் மத்திய அரசு நியூ ஹொரைசன்ஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதியோர் தாங்களே வகுத்து நடத்தும் பணிகளுக்கு நிதி கொடுத்தது. 2004 முதல் அது முதியோருக்கான நியூ ஹொரைசன்ஸ் திட்டமாகத் தொடர்கிறது. சமூக அளவிலான ஒரு பணிக்கு 25,000 டாலர் வரை அதில் பெறலாம். நம் மூத்தோர் கூட்டுறவுக்கு மிகப் பொருத்தமானது இதுவே என்பது என் கருத்து. அங்கே முதியோர் உதவி பெறுவோர் மட்டுமல்லர், முன்னின்று நடத்துவோரும் ஆவர்.

ஒன்டாரியோவின் டிரில்லியம் அறக்கட்டளையின் கதை வேறு. 1982-இல் மாகாண அரசு அதை நிறுவியபோது, லாட்டரி வருமானத்தின் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கியது. பின்னர் சூதாட்ட நிலையங்களின் வருவாயும் சேர்ந்தது. ஆண்டு மானியம் 100 மில்லியன் டாலர் அளவுக்கு உயர்ந்தது. இந்த மாகாணத்தில் எத்தனையோ சமையற்கூடங்களும் விளையாட்டுத் திடல்களும் அந்தப் பணத்தால் எழுந்தவை. அதே பணம், வாடகைக்கு வைத்திருந்ததைச் சீட்டில் போட்ட ஒரு தகப்பனின் கையிலிருந்தும் வந்திருக்கும். 1969 வரை இந்நாட்டில் லாட்டரி சட்டவிரோதமாயிருந்தது. அதை எதிர்த்தவர்களில் சபைகள் முன்னணியில் நின்றன. அதே சபைகளின் கட்டிடங்களில் நடக்கும் சமூகப் பணிகள் இன்று அந்த நிதிக்கு விண்ணப்பிக்கின்றன. சில சபைகள் இன்னும் மறுக்கின்றன. இருசாராரையும் நான் மதிக்கிறேன். சூதினால் சிதைந்த குடும்பத்தோடு இரவில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிற போதகன் என்ற முறையில், என் கை மட்டும் அந்தப் படிவத்தின்மேல் சற்றுத் தயங்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

வான்கூவரின் சமுதாய அறக்கட்டளை 1943-இல் தோன்றியதற்கும் அத்தகைய ஒரு சிறு கொடை காரணமாயிற்று. அலிஸ் மக்கே என்னும் அலுவலகச் செயலாளர், வறுமையில் சிக்கிய பெண்களுக்கென்று தன் சேமிப்பில் 1,000 டாலரை விட்டுச் சென்றார். செல்வந்தர்கள் பின்னர் சேர்ந்தார்கள். இன்று கனடாவில் 200-க்கு மேற்பட்ட சமுதாய அறக்கட்டளைகள் உள்ளன. வினிப்பெக்கின் நிதி மட்டுமே 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

குழுவினருக்கு நடைமுறையில் பயன்படும் மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளைகள் நெடுங்காலம் பெரும்பாலும் பதிவுபெற்ற அறநிறுவனங்களுக்கே கொடுக்க முடிந்தது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டபின், பதிவில்லாத சிறு குழுக்களுக்கும் உரிய கண்காணிப்போடு கொடுக்க வழி பிறந்திருக்கிறது. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் சொத்தில் 10 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு ஆண்டுதோறும் செலவிட வேண்டிய குறைந்த அளவு, 2023 முதல் 3.5 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்ந்தது. அடுத்து, ஒவ்வோர் அறநிறுவனமும் ஆண்டுதோறும் வரித்துறைக்குக் கொடுக்கும் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கிறது. எந்த அறக்கட்டளை யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். விலை கொடுத்து யாரிடமும் பட்டியல் வாங்க வேண்டாம். நம் கீழ்த்தளத்தைப் போன்ற பணிக்கு ஏற்கெனவே கொடுத்தவர்களைக் கண்டு, அவர்களிடம் மட்டும் கேட்பதே நல்லது. ஆராதனைக்கு நிதி தராதவர்களும் ஆலயத்தில் நடக்கும் உணவுப் பணிக்குத் தருவதுண்டு. ஆகவே இரண்டின் கணக்குகளும் தனித்தனியே இருக்கட்டும்.

கணக்கைப் பற்றி முறுமுறுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. யாரும் குறைகூற இடமிருக்கக்கூடாதென்று, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரையும் தீத்துவோடு அனுப்பினார் (2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம்). ரசீதுகளைச் சேர்த்துவைக்கும் நம் பொருளாளர் சகோதரி அந்த வரிசையில் வருகிறவர்.

எதிர்வரும் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் குழு மீண்டும் கூடும். முதியோருக்கான திட்டத்தின் படிவம் ஏறக்குறைய ஆயத்தமாயிருக்கிறது. லாட்டரிப் பணத்தைக் குறித்த கேள்வியை முதலில் கேட்ட சகோதரரே அன்று பேச்சைத் தொடங்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாவரும் வாருங்கள், சமையற்கட்டில் வேலை செய்யும் சகோதரிகள் தவறாமல் வாருங்கள்.